பயன்பாட்டு மொழியியல் யாருடைய துறை? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். மொழி சார்ந்த உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசித்துவருகிறேன். மொழியியலில் முதுகலை முடித்துவிட்டு, இப்போது பயன்பாட்டு மொழியியலில் முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதிவு செய்திருக்கிறேன். இரண்டாம் மொழியில் மாணவர்கள் எழுதும் கட்டுரைகளை ஆசிரியர்கள் திருத்திக் கொடுக்கிறார்கள் அல்லவா, அந்தத் திருத்தத்தால் உண்மையில் என்ன நடக்கிறது என்பதுதான் என் தலைப்பு.

தலைப்பு முடிவானதும் எனக்குத் தொடரியல், அதாவது வாக்கிய அமைப்பு பற்றிய பாடம், கற்றுத்தந்த பேராசிரியரைப் பார்க்கப் போனேன். "உன் துறைக்கென்று சொந்தமாக ஒரு கோட்பாடு சொல், பார்ப்போம்" என்றார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "மொழியியலில் நாங்கள் கண்டுபிடிப்பதை எடுத்துக்கொண்டுபோய் வகுப்பறையில் பயன்படுத்துகிறீர்கள். நல்ல வேலைதான். ஆனால் அதை அறிவுத்துறை என்று சொல்ல முடியாது" என்றார். கல்வியியல் துறையில் இருக்கும் இன்னொருவரோ, என் தலைப்பு முழுக்கவும் தங்களுடையது, இதில் மொழியியலுக்கு வேலையே இல்லை என்கிறார்.

அறிமுக நூல்களைப் புரட்டினால் குழப்பம் கூடுகிறது. மொழி கற்பித்தல், மொழிபெயர்ப்பு, அகராதி, நீதிமன்றம், பேச்சுக் குறைபாடு, சைகை மொழி, அரசின் மொழிக்கொள்கை என்று எல்லாமே உள்ளடக்கத்தில் இருக்கின்றன. எல்லாம் இருக்கும் துறையில் எதுதான் துறை? இது மொழியியலின் கிளையா, தனித்துறையா, அல்லது பல்கலைக்கழக வசதிக்காகப் போட்டுக்கொண்ட பெயரா? அடுத்த ஐந்து ஆண்டுகளை இதற்குக் கொடுக்கப்போகிறேன். அதனால்தான் கேட்கிறேன்.

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் பேராசிரியர் சொன்னது 1950களின் பயன்பாட்டு மொழியியலைப் பொறுத்தவரை ஏறத்தாழச் சரி. அன்று இந்தத் துறையே தன்னை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தது. அந்த நினைப்பு எப்படி உடைந்தது என்று தெரிந்தால் உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்க ராணுவத்துக்குப் பல மொழிகளில் பேசக்கூடிய ஆட்கள் அவசரமாகத் தேவைப்பட்டார்கள். அதற்கான பயிற்சிகளில் மொழியியலாளர்கள் நேரடியாக இறங்கினார்கள். ஏற்கெனவே 1941இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சார்ல்ஸ் ஃப்ரீஸ் தலைமையில் ஆங்கிலம் கற்பிக்கும் நிறுவனம் ஒன்று தொடங்கியிருந்தது. 1948இல் அங்கிருந்து வெளிவந்த ஆய்விதழ்தான் 'பயன்பாட்டு மொழியியல்' என்ற பெயரை முதன்முதலாகத் தன் தலைப்பில் சேர்த்துக்கொண்ட இதழ். 1950களின் பிற்பகுதியில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஒரு பள்ளி, 1959இல் வாஷிங்டனில் சார்ல்ஸ் ஃபெர்குசன் தலைமையில் ஒரு மையம், 1964இல் பிரான்சின் நான்சி நகரில் உலக அளவிலான சங்கம் என்று கட்டமைப்பு வேகமாக எழுந்தது.

அந்தக் காலத்து நம்பிக்கை எளிமையானது. மொழி என்பது பழக்கம். தாய்மொழி ஒரு பழக்கத் தொகுதி, கற்கும் மொழி இன்னொன்று. இரண்டின் அமைப்பையும் அருகருகே வைத்து ஒப்பிட்டால், எங்கே வேறுபடுகின்றனவோ அங்கே மாணவர் திணறுவார், எங்கே ஒத்துப்போகின்றனவோ அங்கே எளிதில் கடப்பார். ஃப்ரீஸின் மாணவரும் சகாவுமான ராபர்ட் லாடோ 1957இல் இதை ஒரு முறையாகவே வகுத்துத் தந்தார். மொழியியலாளர் இரண்டு மொழிகளையும் விவரிப்பார், பாடநூல் எழுதுபவர் அதைப் பாடமாக்குவார், ஆசிரியர் பயிற்சி கொடுப்பார். அறிவு மேலிருந்து கீழே வரும். உங்கள் பேராசிரியரின் மனத்தில் இருப்பது இந்தப் படம்தான்.

இந்தப் படத்தைக் கலைத்தவர்கள் மாணவர்கள். எங்கே பிழை வரும் என்று ஒப்பீடு சொன்னதோ அங்கே பல சமயம் வரவில்லை. எதிர்பாராத இடங்களில் வந்தது. அதைவிட முக்கியம், தாய்மொழியோடும் கற்கும் மொழியோடும் ஒட்டாத வடிவங்கள் வந்தன. தமிழைப் புதிதாகக் கற்கும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். பாடு–பாடினேன், ஓடு–ஓடினேன், தேடு–தேடினேன் என்று படித்தவர் ஒருநாள் 'போடினேன்' என்கிறார். தமிழ் பேசும் எவரும் அவர் காதுபட அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள். அவருடைய தாய்மொழியிலும் அது இல்லை. அப்படியானால் எங்கிருந்து வந்தது? அவர் கேட்டவற்றிலிருந்து ஒரு விதியைத் தானே உருவாக்கியிருக்கிறார். அந்த விதிப்படி 'போடினேன்' மிகச் சரி.

எடின்பரோவில் இருந்த பிட் கார்டர் 1967இல் எழுதிய கட்டுரை இதைத்தான் பேசியது. கற்பவரின் பிழையை ஒழிக்கவேண்டிய குப்பையாகப் பார்க்காதீர்கள், அவர் மனத்தில் இயங்கும் அமைப்புக்கு அது சாட்சி என்றார். நாக்குத் தடுமாறி விழும் தவறையும் விதியிலிருந்து பிறக்கும் பிழையையும் பிரித்துக் காட்டினார். 1972இல் லாரி செலிங்கர் அந்த அமைப்புக்கு 'இடைமொழி' என்று பெயர் வைத்தார். தாய்மொழியும் ஆகாமல் இலக்கு மொழியும் ஆகாமல், தனக்கென்று விதிகள் கொண்டு, மாறிக்கொண்டே இருக்கும் ஒரு மொழி. சில இடங்களில் அது மாறாமல் உறைந்தும் போகும்.

உங்கள் பேராசிரியர் கேட்ட கோட்பாடு இதுதான். இது எங்கே பிறந்தது என்பதைத்தான் நீங்கள் அவரிடம் சொல்லவேண்டும். அன்றைய கோட்பாட்டு மொழியியல் ஆராய்ந்தது தாய்மொழியை முழுமையாகக் கைக்கொண்ட பேச்சாளரை. பாதி வழியில் நிற்பவரின் மொழி அதன் கண்ணில் ஆய்வுப்பொருளே ஆகவில்லை. அந்தக் கோட்பாட்டு மொழியியலின் முன்னணி அறிஞரான சாம்ஸ்கி 1966இல் மொழியாசிரியர்களின் மாநாடு ஒன்றில் பேசும்போது, மொழியியலோ உளவியலோ மொழி கற்பித்தலுக்குப் பெரிதாக உதவும் என்பதில் தனக்கு ஐயம் இருப்பதாக வெளிப்படையாகவே சொன்னார். அது நேர்மையான பேச்சு. மேலிருந்து அறிவு வரும் என்று காத்திருந்தவர்களிடம், அங்கிருந்து வராது என்று அவரே சொல்லிவிட்டார். அதன்பிறகு பயன்பாட்டு மொழியியலாளர்களுக்கு முன்னால் இருந்தது ஒரே வழி. தங்கள் கேள்விக்கான அறிவைத் தாங்களே உண்டாக்கவேண்டும். உண்டாக்கினார்கள்.

ஆனாலும் கார்டரே 1973இல் எழுதிய அறிமுக நூலில், பயன்பாட்டு மொழியியலாளர் கோட்பாட்டை நுகர்பவர், ஆக்குபவர் அல்லர் என்ற பொருளில் எழுதினார். எனக்கு அவர்மீது பெருமதிப்பு உண்டு. இந்த இடத்தில் அவர் தன் சொந்தப் பணியையே குறைத்து மதிப்பிட்டார் என்றுதான் நினைக்கிறேன். பின்னால் இதே துறையைச் சேர்ந்த ஹென்றி விடோசன் ஒரு வேறுபாட்டை வலியுறுத்திவந்தார். மொழியியலின் கருத்தை எடுத்து வெளியே பொருத்துவது ஒன்று. வெளியே இருக்கும் அனுபவத்துக்கும் மொழியறிவுக்கும் நடுவே நின்று, இரண்டையும் ஒன்றுக்கொன்று விளங்கவைப்பது வேறொன்று. இரண்டாவதுதான் பயன்பாட்டு மொழியியல் என்றார் அவர். இந்த நடுவர் பணி என்ற கருத்தை நான் ஏற்கிறேன். ஆனால் அதுவும் போதாது. நடுவே நிற்பவர் கைவசம் பல சமயங்களில் கொண்டுபோய்க் கொடுக்க எதுவுமே இருப்பதில்லை. அவரே புதிதாகத் தேடவேண்டியிருக்கிறது.

இதற்கு வகுப்பறைக்கு வெளியே ஒரு வழக்கைச் சொல்கிறேன். 1952 நவம்பரில் லண்டனுக்குத் தெற்கே கிராய்டனில் ஒரு கிடங்கின் கூரைமேல், திருட வந்த இரண்டு இளைஞர்களில் ஒருவன் ஒரு காவலரைச் சுட்டுக் கொன்றான். சுட்டவனுக்கு 16 வயது, தூக்கிலிட முடியாது. சுடாமல் கூட இருந்த டெரக் பென்ட்லிக்கு 19 வயது. எழுதப் படிக்கத் தெரியாதவன், அறிவு வளர்ச்சியும் குன்றியவன். 1953 ஜனவரி 28 அன்று அவனைத் தூக்கிலிட்டார்கள். அவனுக்கு எதிரான சான்றுகளில் ஒன்று காவல்நிலையத்தில் அவன் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட வாக்குமூலம். நாங்கள் கேள்வி எதுவும் கேட்கவில்லை, அவன் தானாகச் சொல்லச் சொல்ல எழுதினோம் என்று காவலர்கள் நீதிமன்றத்தில் சத்தியம் செய்தார்கள்.

பல ஆண்டுகள் கழித்து மேல்முறையீட்டுக்காக அந்த வாக்குமூலத்தை மால்கம் கூல்தார்ட் என்ற மொழியியலாளர் ஆராய்ந்தார். அவர் பார்த்த முக்கியமான விஷயங்கள் இரண்டு. ஒன்று, அதில் வரும் எதிர்மறை வாக்கியங்கள். ஒருவர் தானாகக் கதை சொல்லும்போது நடந்ததைத்தான் சொல்வார். 'இது நடக்கவில்லை, அது எனக்குத் தெரியாது' என்று இடையிடையே காரணமில்லாமல் மறுக்கமாட்டார். யாராவது கேட்டிருந்தால்தான் அந்த மறுப்புக்கு இடம் உண்டு. இரண்டு, 'பிறகு' என்ற பொருள்தரும் சிறிய ஆங்கிலச் சொல் வாக்கியத்தில் எங்கே நிற்கிறது என்பது. சாதாரண மக்கள் அதை 'நான்' என்பதற்கு முன்னால் வைப்பார்கள். காவலர்கள் எழுதும் அறிக்கைகளில் அது 'நான்' என்பதற்குப் பின்னால் வரும். நேரவரிசையைத் துல்லியமாகப் பதிவுசெய்தே பழகிய தொழிலின் நடை அது. எழுதப் படிக்கத் தெரியாத இளைஞனின் வாக்குமூலத்தில் அந்தச் சொல் திரும்பத் திரும்பக் காவலர்களின் இடத்திலேயே உட்கார்ந்திருந்தது.

1998 ஜூலையில் பென்ட்லியின் தண்டனைத் தீர்ப்பு ரத்தானது. அந்த முடிவு பெரும்பாலும் விசாரணை நீதிபதி நடுவர்குழுவுக்கு வழங்கிய உரையிலிருந்த குறைகளைச் சார்ந்திருந்தது. மொழியியல் சான்று மட்டும் அதைச் சாதித்துவிடவில்லை. ஆனால் நம் கேள்விக்கு வேண்டியது வேறு. கூல்தார்ட் இங்கே எந்தக் கோட்பாட்டைப் பயன்படுத்தினார்? காவலர்களின் எழுத்துநடையில் ஒரு சின்னச் சொல் எங்கே நிற்கும் என்று எந்த இலக்கண நூலிலும் எழுதியிருக்கவில்லை. எந்தத் தொடரியல் கோட்பாடும் அதைக் கணித்துச் சொல்லாது. அவர் சாட்சிகளின் வாக்குமூலங்களையும் காவலர்களின் வாக்குமூலங்களையும் சேகரித்து, மக்களின் பேச்சைத் தொகுத்து வைத்திருக்கும் தரவகத்தோடு ஒப்பிட்டு எண்ணவேண்டியிருந்தது. கேள்வி நீதிமன்றத்திலிருந்து வந்தது. பதிலுக்கு வேண்டிய அறிவு அதற்குமுன் உலகில் இல்லை. 1968இலேயே யான் ஸ்வார்ட்விக் என்ற மொழியியலாளர் இப்படி ஒரு வேலையைச் செய்திருந்தார். 1950இல் தூக்கிலிடப்பட்டு, 1966இல் மன்னிப்பு வழங்கப்பட்ட டிமதி எவன்ஸின் வாக்குமூலங்களை ஆராய்ந்து, அவற்றின் சில பகுதிகளின் நடை மற்றப் பகுதிகளிலிருந்து வேறுபடுவதைக் காட்டினார். குற்ற வழக்குகளில் மொழியைச் சான்றாக ஆராயும் தடய மொழியியல் என்ற ஒரு புலமே அதிலிருந்துதான் தொடங்கியது.

ஆக, என் பதில் இதுதான். ஒரு துறையை அதன் சொந்தக் கோட்பாட்டை வைத்து அடையாளம் காணலாம், அது ஆராயும் பொருளை வைத்தும் காணலாம். பயன்பாட்டு மொழியியலை அப்படி அடையாளம் காணமுடியாது. அதன் அடையாளம் கேள்வி வரும் திசையில் இருக்கிறது. கோட்பாட்டு மொழியியலில் கேள்வி உள்ளிருந்து பிறக்கிறது. ஒரு விதிக்கு விதிவிலக்கு தென்பட்டால் அது அடுத்த கேள்வி ஆகிறது. இங்கே கேள்வியைக் கொண்டுவருபவர் வெளியே இருக்கிறார். ஒரு ஆசிரியர், ஒரு நீதிபதி, பேச்சிழந்த நோயாளியின் குடும்பம், அகதி விண்ணப்பம் போட்ட ஒருவர். அவர் கேட்கும் கேள்வி மொழியியலின் கிளைப் பிரிவுகளுக்கு ஏற்ற மாதிரி வெட்டப்பட்டு வராது. பதில் சரியா என்பதையும் சக ஆய்வாளர்கள் மட்டும் முடிவுசெய்துவிட முடியாது. கேட்டவரிடம் திரும்பிப்போய் அது நிற்கவேண்டும். மருத்துவமும் இப்படித்தான். உயிரியல் இல்லாமல் மருத்துவம் இல்லை, ஆனால் அதை உயிரியலின் பயன்பாடு என்று யாரும் சுருக்கிவிடுவதில்லை, நோயாளி முன்னால் வந்து உட்கார்ந்துவிடுகிறார் என்பதால்.

இனி நீங்கள் சொன்ன இரண்டாவது குழப்பம், எல்லாமே உள்ளே இருக்கிறதே என்பது. இன்று அதிகம் எடுத்தாளப்படும் வரையறை கிறிஸ்டஃபர் பிரம்ஃபிட் 1990களில் தந்தது. மொழி மையமாக இருக்கும் உண்மையான உலகப் பிரச்சினைகளைக் கோட்பாட்டு முறையிலும் கள ஆய்வு முறையிலும் ஆராய்வது என்பது அதன் சாரம். இந்த வரையறை எனக்குப் பிடிக்கும். பிரச்சினையை முதலில் வைக்கிறது. ஆனால் இதன் கனம் முழுவதும் 'மொழி மையமாக' என்ற நிபந்தனையில் நிற்கிறது. அதை யார் முடிவு செய்வது? மனிதர்கள் சம்பந்தப்பட்ட எந்தப் பிரச்சினையிலும் எங்கோ மொழி இருக்கும். அதனால் எல்லாமே மொழிப் பிரச்சினைதான் என்று சொல்லிக்கொண்டு போனால் உங்கள் ஐயம் நியாயமாகிவிடும்.

மொழி மையமாக இருக்கும் பிரச்சினைக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 1990 ஜனவரி 25 அன்று நியூயார்க் அருகே கொலம்பியாவின் ஏவியாங்கா நிறுவன விமானம் ஒன்று எரிபொருள் தீர்ந்து விழுந்தது. 158 பேரில் 73 பேர் இறந்தார்கள். விமானிகள் ஸ்பானிஷ் மொழிக்காரர்கள். எரிபொருள் குறைகிறது என்று கட்டுப்பாட்டு அறைக்குச் சொன்னார்கள், முன்னுரிமையும் கேட்டார்கள். ஆனால் அவசரநிலையை அறிவிக்கும் அந்தக் குறிப்பிட்ட சொல்லைச் சொல்லவே இல்லை. அதைச் சொல்லியிருந்தால் நடைமுறையே மாறியிருக்கும். இதில் மொழி மையம் என்பதில் எனக்கு ஐயமில்லை. 2003இல் சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு விமானிகளுக்கும் கட்டுப்பாட்டு அலுவலர்களுக்கும் மொழித்தேர்ச்சி விதிகளைக் கொண்டுவந்ததற்குப் பின்னால் இப்படிப் பல விபத்துகள் இருக்கின்றன. ஆனால் அந்த விமானம் அவ்வளவு நேரம் வானில் காக்கவைக்கப்பட்டதற்கு வானிலையும் நெரிசலும் காரணம். நல்ல ஆய்வாளர் இதையும் சேர்த்துச் சொல்வார்.

மொழியால் பதில் சொல்லமுடியாத இடம் எது என்று சொல்வதும் இந்தத் துறையின் வேலை என்பது என் உறுதியான எண்ணம். இதற்கு மிகச் சிறந்த உதாரணம் அகதிகள் விஷயத்தில் இருக்கிறது. ஆவணம் எதுவும் இல்லாமல் வந்து அடைக்கலம் கேட்பவர் தான் சொல்லும் நாட்டிலிருந்துதான் வருகிறாரா என்று கண்டுபிடிக்க, 1990களிலிருந்து பல அரசுகள் அவருடைய பேச்சைப் பதிவுசெய்து ஆராயத் தொடங்கின. அரசுகள் இதை எளிய கேள்வியாகத்தான் கேட்டன. இவர் பேசுவதைக் கேட்டு, எந்த நாட்டுக்காரர் என்று சொல்லுங்கள். ஒரு சொல், ஓர் உச்சரிப்பு, அதை வைத்து ஒருவர் திருப்பி அனுப்பப்படலாம் என்ற நிலை. 2004இல் பல நாட்டு மொழியியலாளர்கள் ஒன்றுசேர்ந்து வழிகாட்டு நெறிகளை வெளியிட்டார்கள். அதன் அடிப்படைக் கருத்து, குடியுரிமை என்பது மொழியியல் கருத்தே அல்ல. ஒருவர் எந்தச் சமூகத்தில் பேசிப் பழகினார் என்பதைப் பற்றி மொழி ஏதாவது சொல்லக்கூடும். எல்லைக்கோட்டுக்கு எந்தப் பக்கம் பிறந்தார் என்று அது சொல்லாது. மொழிகளின் எல்லையும் நாடுகளின் எல்லையும் ஒன்றல்ல. இடம்பெயர்ந்து அலைந்தவரின் பேச்சில் பல ஊர்கள் கலந்திருக்கும். ஒரு மொழியைத் தாய்மொழியாகப் பேசுவது மட்டுமே அதை ஆராய்வதற்கான தகுதி ஆகிவிடாது. எவ்வளவு உறுதியாகச் சொல்லமுடியும் என்பதை வரையறுக்கும் உரிமையும் பொறுப்பும் ஆய்வாளருக்கு உண்டு.

இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தத் துறைமேல் மரியாதை கூடுகிறது. அதிகாரம் ஒரு கேள்வியைக் கொண்டுவருகிறது. அதற்குச் சுலபமாக ஒரு பதிலைக் கொடுத்துக் கட்டணமும் வாங்கிக்கொள்ளலாம். அப்படிச் செய்யாமல், கேள்வியே பிழையாக அமைந்திருக்கிறது என்று திருப்பிச் சொல்வதற்கு மொழியியலறிவும் வேண்டும், அந்த அறிவு யார் தலையில் போய் விழும் என்ற உணர்வும் வேண்டும். கேள்வியை வாங்கி, அதைத் திருத்தி, பிறகு பதில் தேடுவது. கடைநிலை நுகர்வோர் இதைச் செய்யமாட்டார்.

1979இல் அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில் நடந்த வழக்கையும் பாருங்கள். கறுப்பினக் குழந்தைகள் சிலர் வாசிப்பில் பின்தங்கியிருந்தார்கள். பள்ளி அவர்களில் சிலருக்குக் கற்றல் குறைபாடு என்று முத்திரை குத்தியது. தாய்மார்கள் வழக்குப் போட்டார்கள். ஜெனீவா ஸ்மிதர்மன், வில்லியம் லபோவ் போன்ற மொழியியலாளர்கள் குழந்தைகளின் தரப்பில் சாட்சியம் சொன்னார்கள். அந்தக் குழந்தைகளின் வீட்டுப் பேச்சுவழக்கு சிதைந்த ஆங்கிலம் அல்ல, தனக்கென்று முறையான விதிகள் கொண்டது என்பது மொழியியலில் அப்போதே நிறுவப்பட்டிருந்தது. அது மொழியியலின் கொடை, சந்தேகமில்லை. ஆனால் வழக்கு அங்கே முடியவில்லை. அந்தப் பேச்சுவழக்கைப் பற்றி ஆசிரியர்கள் மனத்தில் இருக்கும் எண்ணம் குழந்தையின் வாசிப்பை எப்படித் தடுக்கிறது என்பதுதான் நீதிமன்றத்தின் கேள்வி. நீதிபதி சார்ல்ஸ் ஜாய்னர், தடை குழந்தைகளின் மொழியில் இல்லை, அதை அறியாத ஆசிரியர்களின் மனப்பாங்கில் இருக்கிறது என்ற முடிவுக்கு வந்து, பள்ளி நிர்வாகம் இதற்கு ஒரு திட்டம் கொடுக்கவேண்டும் என்று உத்தரவிட்டார். விதிகளை விவரிப்பதோடு நின்றிருந்தால் குழந்தைகளுக்கு எந்தப் பயனும் இருந்திருக்காது.

1990களுக்குப் பிறகு துறைக்குள்ளேயே ஒரு பெரிய விமரிசனம் எழுந்தது. அலஸ்டர் பென்னிகுக் போன்றவர்கள், பிரச்சினையைத் தீர்க்கிறோம் என்று சொல்லும்போது அது யாருடைய பிரச்சினை, அதை உருவாக்கிய அதிகாரம் எது என்று கேட்காமல் போனால் நாம் வெறும் கருவி ஆகிவிடுவோம் என்றார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் போர்க்காலத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா, பாடநூல்களின் விளிம்பில் மாணவர்கள் கிறுக்கிவைத்தவற்றைக்கூட ஆய்வுப்பொருளாக எடுத்து, அவர்கள் ஆங்கிலத்தை அப்படியே விழுங்கவும் இல்லை, அப்படியே ஒதுக்கவும் இல்லை என்று காட்டினார். தாள்கூடக் கிடைக்காத ஊரிலிருந்து எழுதும் அறிஞர் எப்படி உலக ஆய்விதழ்களிலிருந்து வெளியே தள்ளப்படுகிறார் என்று பிறகு எழுதினார். இந்த விமரிசனம் துறைக்கு மிகத் தேவையாக இருந்தது. ஆனால் விமரிசனத்தோடு நின்றுவிடும் எழுத்தில் எனக்கு ஆர்வம் குறைவு. அதிகாரத்தைத் தோலுரித்துக் காட்டிய பிறகும் நாளைக் காலை அந்த ஆசிரியர் வகுப்புக்குப் போகவேண்டும்.

வகுப்பு என்றதும் ஆங்கிலம் கற்பித்தலை ஆராய்ந்த என். எஸ். பிரபுவைச் சொல்லாமல் இருக்கமுடியாது. 1979 முதல் 1984 வரை பெங்களூரை மையமாகக் கொண்டு, தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் அவர் நடத்திய திட்டம் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. இலக்கணத்தைப் பாடமாக நடத்தாமல், ரயில் கால அட்டவணையைப் பார்த்துக் கணக்குப்போடுவது, வரைபடத்தில் வழி கண்டுபிடிப்பது என்று மாணவரின் மனம் பொருளில் மூழ்கியிருக்கும் வேலைகளைக் கொடுத்தார். மனம் பொருளில் இருக்கும்போது வடிவம் தானே படியும் என்பது அவர் கருதுகோள். செயல்வழி மொழி கற்பித்தல் என்று இன்று உலகெங்கும் நடப்பதற்கு அது ஒரு தொடக்கப்புள்ளி. 1990இல் அவர் எழுதிய கட்டுரை ஒன்று, எல்லாவற்றிலும் சிறந்த கற்பித்தல் முறை என்று ஏன் எதுவும் இல்லை என்று கேட்டது. முறை சரியா என்று கேட்பதைவிட, தான் செய்வதால் கற்றல் நடக்கிறது என்று ஆசிரியர் உள்ளூர உணர்கிறாரா, அந்த உணர்வு அவரிடம் உயிரோடு இருக்கிறதா என்று கேளுங்கள் என்றார். கோட்பாடு உண்டாகும் இடம் வகுப்பறையாகவும் இருக்கலாம், உண்டாக்குபவர் ஆசிரியராகவும் இருக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

இனி உங்கள் தலைப்புக்கு வருகிறேன். கல்வியியல்காரர் அது முழுக்கத் தங்களுடையது என்கிறார். ஒரு விவாதத்தைப் பாருங்கள். 1996இல் ஜான் டிரஸ்காட் என்பவர், இரண்டாம் மொழியில் எழுதும் மாணவரின் கட்டுரைகளில் இலக்கணப் பிழைகளைத் திருத்துவதையே நிறுத்திவிடவேண்டும் என்று எழுதினார். பயனும் இல்லை, தீங்கும் உண்டு என்பது அவர் வாதம். அந்த வாதத்தின் ஒரு முக்கியமான தூண் இடைமொழி. விதிகள் மனத்துக்குள் மெல்ல மெல்ல, தமக்குரிய ஒழுங்கில் வளர்கின்றன. வெளியிலிருந்து சிவப்பு மையால் கொடுக்கும் தகவல் அந்த வளர்ச்சிக்குள் நுழைவதே இல்லை. 1999இல் டேனா ஃபெரிஸ் மறுத்தார். எல்லாத் திருத்தமும் ஒன்றல்ல, தெளிவாகவும் தேர்ந்தெடுத்தும் செய்யும் திருத்தம் பயன்தரலாம், அதற்குள் கதவைச் சாத்தாதீர்கள் என்றார். அந்த விவாதத்திலிருந்து இன்றுவரை ஆய்வுகள் வந்துகொண்டிருக்கின்றன.

இந்த விவாதத்தை மொழியியல் இல்லாமல் நடத்திப்பாருங்கள். எந்தப் பிழை விதியிலிருந்து வந்தது, எது கைதவறியது, எது இன்னும் வளராத விதி என்று பிரிக்கவே முடியாது. 'போடினேன்' என்பதையும் எழுத்துப்பிழையையும் ஒரே கோடு போட்டுச் சுழிக்கவேண்டியதுதான். கல்வியியலை விட்டுவிட்டு நடத்திப்பாருங்கள். மாணவர் திருத்திய தாளை வாங்கி என்ன செய்கிறார், மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு மூடி வைக்கிறாரா, திருத்தத்துக்குப் பயந்து அடுத்தமுறை சின்னச் சின்ன வாக்கியமாக எழுதிப் பாதுகாப்பாக ஒதுங்கிக்கொள்கிறாரா என்பது உங்கள் கண்ணில் படாது. உங்கள் தலைப்பு இரண்டுக்கும் நடுவே அநாதையாக நிற்கவில்லை. இரண்டில் எந்த ஒன்றும் தனியாகக் கேட்கமுடியாத கேள்வியாக நிற்கிறது.

பேராசிரியர் கற்றுத்தந்த தொடரியலை விட்டுவிடாதீர்கள். ஒலியியலையும் விடாதீர்கள். இந்தத் துறையில் நான் பார்க்கும் பலவீனமான ஆய்வுகள் பெரும்பாலும் மொழியையே சரியாக விவரிக்கத் தெரியாதவர்கள் செய்தவை. நேர்காணல் இருக்கும், சமூகவியல் மேற்கோள் இருக்கும், ஒரு வாக்கியத்தைக்கூடப் பிரித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். புள்ளியியலும் கொஞ்சம் படியுங்கள். அது இல்லாமல் டிரஸ்காட் பக்கமா ஃபெரிஸ் பக்கமா என்று ஆய்வுகளை எடைபோட முடியாது.

களத்துக்குப் போகும்போது கேள்வித்தாளை உடனே நீட்டவேண்டாம். திருத்தும் ஆசிரியர் ஒருவரோடு அவர் கட்டுரைகளைத் திருத்தும் நேரம் முழுக்கப் பக்கத்தில் உட்காருங்கள். எந்தப் பிழையைக் கண்டு நிற்கிறார், எதைப் பார்த்தும் விட்டுவிடுகிறார், ஏன் விட்டார் என்று அங்கேயே கேளுங்கள். பிறகு அதே தாள்களை வாங்கிய மாணவர்களிடம் போய், ஒவ்வொரு குறியும் தன்னை என்ன செய்யச் சொல்கிறது என்று அவர்கள் நினைக்கிறார்கள் எனக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இரண்டையும் அருகருகே வைத்தபிறகு உங்கள் ஆய்வுக்கேள்வியைத் திரும்ப எழுதுங்கள். அநேகமாக அது இப்போது இருப்பதுபோல இருக்காது. எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், அதைப்பற்றித் தனியாகப் பேசுவோம்.

அன்புடன்.